பூட்டு மாத்திரை

பெர்னார்டைக் கெட்டவன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும், "நல்ல மனுஷன்லா, லோரி உண்டு வீடு உண்டுன்னு இருப்பாரு" என்றுதான் சொல்வார்கள். குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தால் பூசைக்குத் தவறுவதில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். நல்லவன் செய்த காரியம் என்பதால்தான் இது விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நிற்கிறது.

முப்பத்தெட்டு வயது. ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அவன் பிறந்தபோதே அங்கே ரப்பர் மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். அவனுக்கு ஏழு வயதில் தம்பி ஐவனுக்கு வயிற்றால் போனது. இரண்டு வயதுப் பிள்ளை. ஒரு நாள் முழுக்கப் போனது, மறுநாளும் போனது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் ஒரு போத்தலில் வெள்ளையாக எதையோ ஊற்றிக் கொடுத்தார். அம்மா துணி அலசிக்கொண்டே இருந்தாள். லயத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "நிக்கவே மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள்தான் ஒரு வேன் கிடைத்தது. அதே வேனில் ஐவன் துண்டு போர்த்தித் திரும்பி வந்தான்.

அடக்கத்தன்று யாரோ ஒருவர், "நின்னிருந்தா பொழச்சிருப்பான்" என்றார். உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வற்றித்தான் பிள்ளை போனது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்களும் அங்கே இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் மண்டையில் அந்த ஒரு பேச்சு மட்டும் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. நின்றால் பிழைக்கலாம், நிற்காவிட்டால் சாவுதான். அதற்குப் பிறகு பெர்னார்ட் எத்தனையோ கற்றுக்கொண்டான். பதினெட்டுச் சக்கர வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொண்டான், நாலு பாஷை பேசக் கற்றுக்கொண்டான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் அவனுக்குத் திருத்திச் சொல்லவில்லை.

வேலை டேங்கர் லோரி ஓட்டுவது. பாகான் டத்தோ பக்கத்து ஆலைகளில் செம்பனை எண்ணெய் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஆலை வாசலில் இருபது லோரி வரிசையில் நிற்கும். இறங்கிப் போனால் வரிசை போய்விடும். எண்ணெய் ஏற்றிய பிறகோ நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. இந்தப் பிழைப்பில் வயிறு கலக்கினால் மானம் போய்விடும் என்பதால் அங்கே ஓட்டுகிற அத்தனை பேரும் ஒரு மாத்திரை வைத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் பூட்டு. "மச்சான், பூட்டு இருக்கா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டால் பக்கத்து லோரியிலிருந்து ஓர் அட்டை பறந்து வரும். ஒன்றை விழுங்கினால் பொழுது சாயும் வரைக்கும் வயிறு வாயைத் திறக்காது. பத்து வருஷமாக விழுங்குகிறான், ஒரு கெடுதலும் வந்ததில்லை. மிட்டாயைப் போல அது எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும்.

மனைவி ஜூலியானா ஒரு தொழிற்சாலையில் சின்னச் சின்ன மின் பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்க்கிறவள். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. நவநாள், நேர்ச்சை, டாக்டர் என்று எல்லா வாசலையும் ஏறி இறங்கிய பிறகு பிறந்தவள் கேரன். இப்போது ஒன்றரை வயது. அப்பனுக்கு மகள் மேல் உயிர். மகளுக்குத்தான் அப்பன் யாரென்று சரியாகப் பிடிபடவில்லை. மூன்று நாள் லோரியில் இருந்துவிட்டு வந்து கையை நீட்டினால் அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்வாள். பெர்னார்ட் சிரித்துக்கொண்டே கையை இறக்கிவிடுவான். அந்தச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பிள்ளைக்கு வயிறு கெட்டது ஒரு திங்கட்கிழமை. சாயங்காலத்துக்குள் நாலு முறை வாந்தி, ஆறு முறை போக்கு. ஜூலியானா செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனாள். காரோட்டிப் போனவன் பெர்னார்ட்தான். வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, அவன் உள்ளே நுழைவதற்குள் டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். ஜூலியானாவின் கையில் இருந்ததெல்லாம் பத்து உப்புத்தூள் பாக்கெட்டுகள் மட்டும்.

"மருந்து எங்க?" என்றான்.

"இதான் மருந்து. தண்ணியில கலந்து கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணுமாம். அது தானா நிக்குமாம்."

"நிக்கறதுக்கு ஒண்ணும் கொடுக்கலியா?"

"வேணாம்னு சொல்லிட்டாருங்க."

பெர்னார்ட், மருந்து கொடுக்காத டாக்டர் என்ன டாக்டர் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டதோடு சரி. அந்த நினைப்பை அங்கேயே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஜூலியானா டாக்டர் சொன்ன காரணத்தையும் சொல்லியிருப்பாள். சின்னப் பிள்ளைக்கு நிறுத்துகிற மருந்து கொடுத்தால் குடலே வேலை செய்யாமல் போய்விடும் என்பதுதான் அது. வாய் பேசாத மனுஷன் என்று அவனை மெச்சுகிற மூன்றாம் மாடிக்காரர்கள் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

புதன்கிழமை ஜூலியானாவுக்கு வேலைக்குப் போயே ஆக வேண்டும். அந்த வருஷத்து லீவெல்லாம் பிள்ளையின் சளிக்கும் காய்ச்சலுக்குமே தீர்ந்திருந்தது. வழக்கமாகக் கேரனைப் பார்த்துக்கொள்கிற காளியம்மா அக்கா மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். இன்னும் நாலு பிள்ளைகள் அவள் வீட்டில். "கோவிச்சுக்காத ஜூலி, மத்ததுங்களுக்கும் ஒட்டிக்கும்லா" என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால் பெர்னார்ட் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு நாள் லீவு சொன்னான்.

"நான் பாத்துக்கிறேன். நீ போ."

"தனியாவா?"

"என்னா, நான் அப்பன் இல்லியா?"

ஜூலியானா போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே வரிசையாகச் சொன்னாள். உப்புத் தண்ணீரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கரண்டி கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுக்க வேண்டும். மூத்திரம் போகிறதா என்று பார்க்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் போகாவிட்டால் கிளினிக். "வேற எதுவும் கொடுக்காதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். ஆறே கால் மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது, அவள் ஓடினாள்.

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. கேரன் அம்மாவைத் தேடி அழுதாள். பிறகு அழச் சக்தி இல்லாமல் அப்பன் மடியிலேயே சாய்ந்தாள். பெர்னார்ட் கரண்டி கரண்டியாக ஊட்டினான். எட்டாவது கரண்டியில் குடித்ததெல்லாம் அவன் பனியன் மேல் திரும்பி வந்தது. துடைத்தான். இடுப்பிலிருந்த பெம்பர்ஸைக் கழற்றினால் உள்ளே மலம் என்று சொல்ல எதுவும் இல்லை, மஞ்சள் தண்ணீர். வீடு முழுக்கப் புளித்த வாடை. பிள்ளையின் இடுக்கெல்லாம் சிவந்து தோல் வழன்றிருந்தது. தண்ணீர் பட்டதும் வீல் என்று கத்தினாள். கழுவி, துடைத்து, புதுசு மாட்டி முடிப்பதற்குள் அதுவும் நனைந்தது. ஒன்பது மணிக்குள் நாலு பெம்பர்ஸ். அவன் குனிந்து ஐந்தாவதை மாட்டிக்கொண்டிருக்கும்போது, தன் வாய் எதையோ முணுமுணுப்பதைக் கேட்டான். நிக்கவே மாட்டேங்குதே என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது இன்னும் போவது போலத் தோன்றியது. ஜூலியானாவுக்குப் போன் பண்ணலாம். ஆனால் வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். காளியம்மா அக்காவைக் கூப்பிடலாம். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இத்தனை வழி இருந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளையை ஒரு காலைப்பொழுது வைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று ஆகிவிடுமே என்ற ஒன்று அத்தனையையும் அடைத்துக்கொண்டு நின்றது.

ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையின் பையில் அட்டை இருந்தது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி, கத்தியால் பாதியாக நறுக்கினான். பிள்ளைதானே, பாதி போதும் என்று கணக்குப் போட்ட அந்தக் கவனத்தை நினைத்தால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, தேனில் குழைத்து நாக்கில் தடவினான். கேரன் சப்புக்கொட்டினாள். அரை மணி நேரத்தில் மறுபடி வாந்தி. மருந்தும் வந்திருக்கும் என்று மீதிப் பாதியையும் குழைத்துக் கொடுத்தான்.

பதினொன்றரைக்குள் நின்றுவிட்டது.

பெர்னார்டுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நிமிஷம் ஆயிற்று, பெம்பர்ஸ் காய்ந்தே கிடந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். மூத்திரமும் போகவில்லை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. காய்ந்திருக்கிறது, அது போதும் அவனுக்கு. வாட்ஸ்அப்பில் ஜூலியானாவுக்கு, "நின்னுருச்சு" என்று ஒரே வார்த்தை அனுப்பினான்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க சொல்றீங்க? நெசமாவா?"

"ஆமா. தூங்குது."

"என்னா கொடுத்தீங்க?"

இந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் திட்டுவாள், அவ்வளவுதான். பெர்னார்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ சொன்ன உப்புத் தண்ணிதான்" என்றான்.

அந்தப் பக்கம் அவள் போனை விலக்கி மேசையில் இருந்தவர்களிடம் சொல்வது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. "புனிதா, என் வீட்டுக்காரரு தனியா பாத்துக்கிட்டு நிக்க வச்சிட்டாருலா! நான்தான் பயந்து செத்தேன்." யாரோ சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு பெருமை அவனுக்குக் கிடைத்ததே இல்லை. போனை வைத்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணிக்குப் பிள்ளை முனகியது. பார்த்தால் கொஞ்சமாக, ஒரு கரண்டி அளவுக்கு மறுபடி போயிருந்தது. காலையில் என்றால் அதற்கு அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். இப்போது தலையில் இடி விழுந்தது. நின்றுவிட்டது என்று சொல்லியாகிவிட்டது, அங்கே பத்துப் பேர் கை தட்டியாகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது மறுபடி போய்க்கொண்டிருந்தால் அவள் முகம் என்ன ஆகும்? பெர்னார்ட் இந்த முறை நறுக்கவில்லை. ஒரு முழு மாத்திரையை நசுக்கிக் கொடுத்தான். காலையில் கொடுத்தது பயத்தில், அதை மன்னிக்கலாம். இது கைதட்டலுக்காகக் கொடுத்தது. பின்னால் அவனைத் தூங்கவிடாமல் செய்ததும் இந்த இரண்டாவதுதான்.

அதன் பிறகு கேரன் தூங்கினாள். இரண்டு மணிக்குத் தூங்கினாள், மூன்று மணிக்கும் தூங்கினாள். பாவம், இரண்டு நாள் அசதி என்று அவன் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வயிறு கொஞ்சம் உப்பிப் போயிருந்தது. வாய்வு என்று எண்ணெய் தடவிவிட்டான். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். முகத்தை மறைத்துக்கொள்ளாமல், கையை உதறாமல் மகள் அவனிடம் இத்தனை நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். உள்ளதை மறைப்பதில் என்ன இருக்கிறது?

நாலே கால் மணிக்கு ஜூலியானா வந்தாள். கையில் அவனுக்காகக் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் பிள்ளையைத் தொட்டதும் பொட்டலத்தைக் கீழே போட்டாள்.

"ஏங்க, இது தூக்கமா?"

தூக்கியபோது கேரனின் தலை துணிப் பொம்மையின் தலையாகத் தொங்கியது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வயிறு அழுத்தினால் உள்வாங்காமல் கல்லாக இருந்தது. மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈப்போ சாலைகளில் அந்த நேரத்து நெரிசல் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெர்னார்ட் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். பின்சீட்டில் ஜூலியானா, "கேரன், கேரன், அம்மாவப் பாரு" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவன் நினைத்தான். பச்சை விழுந்ததும் ஓட்டினான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த மாத்திரத்தில் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸுகள் இரண்டு பேர் நரம்பு தேடினார்கள். கையில் கிடைக்கவில்லை, காலில் குத்தினார்கள். ஊசி ஏறியும் பிள்ளை அழவில்லை.  டாக்டர் ஷாமினி என்று சட்டையில் பேர் போட்டிருந்த சின்ன வயதுப் பெண் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பிள்ளைக்கு வேற எதாவது மருந்து கொடுத்தீங்களா அண்ணே?"

"இல்ல."

"கடை மருந்து, நாட்டு மருந்து, வீட்டுல யாராவது சாப்பிடுற மாத்திர? தெரியாம எடுத்துத் தின்னிருக்குமா?"

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிங்க. கண்ணு பாப்பா ஊசி முனையாட்டம் சுருங்கிக் கெடக்கு. குடல் வேல செய்யல. வெறும் வயித்துப்போக்குல இப்படி ஆவாது. மருந்துன்னா என்னா மருந்துன்னு தெரிஞ்சா இப்பவே அத முறிக்க மாத்து ஊசி போட்டுருவேன். இல்லன்னா மூளைக் காய்ச்சலான்னு பாக்கணும். தலைய ஸ்கேன் எடுக்கணும், முதுகுத் தண்டுல ஊசி விட்டு நீர் எடுக்கணும். நேரம் போவும்."

பெர்னார்டின் வாய் திறந்தது. அதற்குள் ஜூலியானா அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். புருஷனை யாரோ குற்றம் சாட்டுகிறார்கள் என்று அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"டாக்டர், இவரு பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கக்கூட என்னயக் கேப்பாரு. காலையிலேர்ந்து உப்புத் தண்ணி மட்டும்தான் கொடுத்திருக்காரு. மாதா மேல சத்தியமா சொல்றேன். என் வீட்டுக்காரர எனக்குத் தெரியாதா?"

சத்தியம் என்பது அந்த வீட்டில் லேசான விஷயம் இல்லை. கல்யாணத்தன்று பீடத்தில் சொன்ன வார்த்தையைத் தவிர ஜூலியானா மாதா பேரை இழுத்துச் சத்தியம் பண்ணி அவன் கேட்டதில்லை. ஏழு வருஷம் எந்த மாதாவிடம் மண்டியிட்டு அழுது இந்தப் பிள்ளையைக் கேட்டாளோ, அந்த மாதாவின் பேரில் அவன் பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். டாக்டர் ஒரு கணம் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஸ்கேனுக்குக் கொண்டு போகச் சொன்னார். கட்டிலின் சக்கரம் உருண்டது.

கதவு வரைக்கும் போகவிட்டான். எவ்வளவு நேரம் இருக்கும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தில் பெர்னார்டுக்கு ஐவன் ஞாபகம் வந்தது, வேன் ஞாபகம் வந்தது, மகள் சாகட்டும் ஆனால் மனைவிக்குத் தெரியக்கூடாது என்று தனக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு பேய் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. அதைக் கண்டு அவன் நடுங்கிப் போனான்.

"நில்லுங்க!" என்று கத்தினான். "கொடுத்தேன். கொடுத்தேன் டாக்டர்."

ஓடி வரும்போது ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்ட வேலைச் சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். டாக்டர் பேரைப் படித்ததும் மிஸ்ஸியிடம் சட்டென்று ஏதோ சொன்னார், அவள் ஓடினாள்.

"எத்தன?"

"பாதி."

"அண்ணே. எத்தன?"

"ரெண்டு. மொத்தம் ரெண்டு. கடைசி ஒண்ணு ஒரு மணிக்கு."

அவன் கையைப் பிடித்திருந்த ஜூலியானாவின் கை மெல்ல விலகியது. அவள் உதறவில்லை, வெடுக்கென்று இழுக்கவுமில்லை. ஒரு சாமானை மேசையில் வைக்கிற மாதிரி அவன் கையை அவன் பக்கமாகவே விட்டுவிட்டு, கட்டிலோடு உள்ளே போய்விட்டாள்.

மாற்று ஊசி போட்ட மூன்றாவது நிமிஷம் கேரன் அழுதாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று பெர்னார்ட் அதைக் கேட்டான். ஆனால் அந்த ஊசியின் வேகம் அடங்கினால் மறுபடி மயங்குவாள் என்று சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். பச்சையாக வந்துகொண்டே இருந்தது. குடல் திறக்காவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்று அறுவை டாக்டர் இரண்டு நாள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி விதிப்படி ஓர் அதிகாரி வந்து இருவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். "வேணும்னு செய்யல சார். தெரியாம செஞ்சிட்டாரு" என்றாள் ஜூலியானா. அப்போதும் அவள்தான் பேசினாள்.

மூன்றாம் நாள் காலையில் குடல் திறந்தது. மலம் நாறியது. மிஸ்ஸி அதைப் பார்த்துச் சிரித்தாள். பெர்னார்ட் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். இந்த மூன்று நாளும் ஜூலியானா திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அன்று மத்தியானம் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டே அவள் திரும்பாமல் பேசினாள்.

"மாத்திர கொடுத்தது தெரியாம செஞ்சதுங்க. அத நான் கேக்க மாட்டேன்."

"ஜூலி..."

"நான் போன் போட்டேன்லா. என்னா கொடுத்தீங்கன்னு வாயத் தொறந்து கேட்டேன்லா. அப்ப சொல்லியிருந்தா அடுத்தத கொடுத்திருக்க மாட்டீங்க. நான் அங்கேர்ந்தே ஓடியாந்திருப்பேன்." துணியை மடித்தாள். மடித்ததை அவிழ்த்து மறுபடி மடித்தாள். "என்னயச் சத்தியம் பண்ண வுட்டுட்டு பாத்துக்கிட்டு நின்னீங்களே."

பெர்னார்ட் அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு அலசப் போனான். 

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். கேரன் எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் இரண்டு வாரத்தில் பழையபடி சோற்றைத் தரையில் இறைக்கத் தொடங்கினாள். ஒரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே இருந்ததில் பிள்ளைக்கு அப்பனைப் பிடித்துவிட்டது. இப்போது அவன் கையை நீட்டினால் முகத்தை மறைப்பதில்லை. "ப்பா" என்று தாவிக்கொண்டு வருகிறாள்.

ஜூலியானா வீட்டில் எப்போதும் போலத்தான் இருந்தாள். சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், பூசையில் அவன் பக்கத்தில்தான் நின்றாள். அக்கம்பக்கத்தில் பிள்ளைக்குக் கிருமி என்று மட்டும் சொல்லி வைத்தாள். நடந்ததை ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. பெர்னார்டும் காலம் போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்பினான்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை அவனுக்கு ஓய்வு நாள். விடியுமுன்பே எழுந்து, குளித்து, பால் காய்ச்சி வைத்தான். ஜூலியானா வேலைச் சீருடையில் வந்து கேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தோளில் பிள்ளையின் பை.

"நான் இன்னிக்கு வீட்டுலதான இருக்கேன்," என்றான். "பிள்ளைய வுட்டுட்டுப் போ."

அவள் வாசலில் நின்றாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. கோபமாக இருந்தால் அவன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

"வேணாங்க."

"எத்தன நாளைக்கு ஜூலி?"

"தெரியலங்க. எனக்கே தெரியல" என்றாள். அவள் கண் நிறைந்தது. துடைக்காமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் நின்றான். மூன்று வீடு தள்ளிக் காளியம்மா அக்கா இரும்புக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "வா கண்ணு, வா," என்றாள். பிறகு, "பெர்னார்ட் தம்பிக்கு இன்னிக்கு லீவுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"இல்லக்கா. விடியறதுக்கு முன்னாடியே லோரி எடுத்துட்டுப் போயிட்டாரு."

எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். புருஷனைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை தப்பாக வந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னாள். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

பெர்னார்ட் டிவியைப் போடவில்லை. ஜன்னலைத் திறக்கவில்லை. காலையில் குடிக்க எடுத்த கோப்பியை ஆற்றாமல் அப்படியே வைத்தான். லோரி எடுத்துக்கொண்டு போனவன் வீட்டில் எப்படிச் சத்தம் போட முடியும்? பத்து மணி வாக்கில் கேரன் அழுதாள். எங்காவது விழுந்திருப்பாள், இல்லை, வேறு பிள்ளை எதையாவது பிடுங்கியிருக்கும். "ப்பா, ப்பா" என்று அவள் கூப்பிடுவது நடைபாதை வழியாக நன்றாகக் கேட்டது. அவன் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தான். திறந்துகொண்டு போனால் ஜூலியானா பொய்க்காரி ஆகிவிடுவாள். அவன் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே, அழுகை ஓய்கிற வரைக்கும் மூச்சுச் சத்தம்கூட வெளியே போகாமல் நின்றுகொண்டிருந்தான்.